நந்தகோபாலின் ஜாக்கெட்

பெரியமேட்டில் தோல் மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அதன் கடைசி வீட்டு மாடியில் ஜுலைகாவின் அறை இருந்தது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. விமானிகள் போட்ட பழைய தோல் ஜாக்கெட்டுகளைப் பார்த்து, அசலா போலியா என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. ஊர் ஊராகச் சேகரிப்பவர்கள் அனுப்பி வைப்பார்கள். அவர் எழுதிக் கொடுத்த பிறகு யாரும் இரண்டாவது ஆளிடம் காட்டுவதில்லை.

அவரிடம் ஒரே ஒரு சீடர் இருந்தார். பெயர் எபனேசர். குருவுக்கு நாற்பத்து நான்கு வயது. சீடருக்கு அறுபத்தாறு.

எபனேசர் வந்த முதல் நாள் ஜுலைகா கேட்டார்.

"இந்த வயசுல இதை எதுக்கு சார் கத்துக்கணும்?"

"விமானப்படையில பன்னிரண்டு வருஷம் இருந்தேன் மேடம். விமானிங்க உடுப்பு அறையில வேலை. ஜாக்கெட், தலைக்கவசம், பாராசூட் எல்லாம் என் கை வழியாத்தான் போகும். வீட்டுல சும்மா உக்கார முடியல."

சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் வந்த காரணம் அது இல்லை.

ஜுலைகா அதிகம் பேசமாட்டார். காலையில் இரண்டு ஜாக்கெட்டுகளை மேசையில் வைப்பார். "கண்ணை மூடிட்டுத் தடவுங்க" என்பார். மாலையில் "எது அசல்?" என்பார். எபனேசர் சொல்வார். தப்பாக இருந்தால் மறுநாளும் அதே இரண்டும் மேசையில் இருக்கும்.

இப்படி ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் விரலால் பிரிக்கக் கற்றார். ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணக் கற்றார். ஜிப்பின் பின்பக்கம் பார்த்தார். புற ஊதா விளக்கின் கீழே பிடித்தால் பழைய பருத்தி நூல் மங்கிக் கிடக்கும், பின்னால் வந்த செயற்கை நூல் பளிச்சென்று நீலமாக எரியும். அதையும் பார்த்தார்.

ஏழாவது மாதம் ஒரு நாள் கேட்டார்.

"மேடம், ஒருத்தன் அசலைப் பக்கத்துல வச்சுக்கிட்டே ஒண்ணு தைக்கிறான். அதே தோல், அதே ஜிப். உள்ள குத்துற படை எண்ணும் சரியான எண். அதையும் கண்டுபிடிச்சிடுவீங்களா?"

ஜுலைகா எழுந்தார். அலமாரியிலிருந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்து அவரைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அதன் மேல் பழைய பாராசூட் வார்களை மாட்டி இறுக்கினார்.

"உக்காருங்க. எழுந்திருங்க. குனிஞ்சு காலுக்குக் கீழ ஏதாவது எடுங்க."

எபனேசர் செய்தார். வியர்த்தது. வாரைக் கழற்றிவிட்டு, தோளிலும் மார்பிலும் தோல் பளபளத்துத் தேய்ந்திருந்த இடங்களைக் காட்டினார் ஜுலைகா. வார் உட்கார்ந்த அதே இடங்கள்.

"இந்த அளவு தேயணும்னா அந்த ஆள் நூறு தடவையாவது பறந்திருக்கணும் சார்."

அன்று எபனேசர் கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

அடுத்த வாரம் ஒரு கடிதம் வந்தது. நகரத்தில் ஒரு விமானப் பயிற்சிக் கழகம், காலமான விமானிகளின் பொருட்களை வைக்க ஒரு கூடம் கட்டிக்கொண்டிருந்தது. வருகிற பொருள் எல்லாம் ஜுலைகாவின் கையெழுத்தோடு வரவேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. தஞ்சாவூரிலிருந்து வசுமதி என்ற அம்மாள் நாளை காலை ஒரு ஜாக்கெட்டோடு வருகிறார், பார்த்துச் சொல்லவும் என்று எழுதியிருந்தார்கள்.

ஜுலைகா கடிதத்தைப் படித்துவிட்டு மேசையில் வைத்தார். எபனேசர் அதை எடுத்துப் படித்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் நடந்ததை அவர் சொன்னார்.

அப்போது அவர் கடற்கரை ஓரத்து விமானத் தளம் ஒன்றில் இருந்தார். நந்தகோபால் என்று ஒரு இளம் விமானி. அந்தத் தளத்தில் தமிழ் பேசுகிறவர்கள் மூன்றே பேர், அதில் இவர்கள் இருவர். அதிகாரி, சிப்பாய் என்ற வித்தியாசம் எல்லாம் நந்தகோபால் பார்க்கமாட்டார். உடுப்பு அறைக்கு வந்து மேசை மேல் ஏறி உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். கல்யாணமாகி இரண்டு வருடம். ஐப்பசி மாதம் ஒரு நாள் காலையில் கடலுக்கு மேல் போன அவருடைய விமானம் புயல் மேகத்துக்குள் மறைந்தது. ஒன்பது நாள் தேடினார்கள். ஒரு துண்டு கூடக் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு ஒரு டிரங்குப் பெட்டி மட்டும் போனது. சட்டைகள், சவரச் சாமான், கடிதங்கள்.

ஒரு மாதம் கழித்து அவர் மனைவி வசுமதி, கணவர் அடிக்கடி சொன்ன எபனேசருக்கு எழுதினார். 'அந்தத் தோல் ஜாக்கெட் பெட்டியில் இல்லை. கண்ணை மூடினால் அதைப் போட்டுக்கொண்டுதான் நிற்கிறார். எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.'

"எங்க போய்த் தேடறது மேடம்? அது அவரோட போயிடுச்சு. கடிதத்தைப் பத்து நாள் பையிலேயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் லீவு போட்டேன். இதே பெரியமேட்டுக்கு வந்து தோல் எடுத்து, இன்னொரு விமானியோட ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கி அதைப் பார்த்துத் தைக்கச் சொன்னேன். அவரோட படை எண்ணை நானே குத்தினேன். கொண்டுபோய்க் கொடுத்தேன்."

"வாங்கிக்கிட்டு என்ன கேட்டாங்க?"

"எங்க இருந்துச்சுன்னு கேட்டாங்க. நான் அதை யோசிச்சே வைக்கல. அன்னிக்கு என் அறையிலேயே மறந்து வச்சுட்டுப் போயிட்டார்மான்னு சொல்லிட்டேன். அப்படியே முகத்துல வச்சு அமுக்கிக்கிட்டாங்க. ஒரு நல்ல காரியம் பண்ணிட்டோம்னு திரும்பி வந்தேன்."

அதிலிருந்து ஒவ்வொரு ஐப்பசியிலும் அந்தத் தேதிக்கு அவர் தஞ்சாவூர் போவார். வசுமதி இலை போட்டுப் பரிமாறுவார். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். கேட்காததால் மனம் ஆறிவிட்டது என்று எபனேசர் நினைத்துக்கொண்டார்.

போன ஐப்பசியில்தான் வசுமதி சொன்னார். "எனக்கப்புறம் இதை யார் வச்சுப்பாங்க? கழகத்துல கேக்கறாங்க, கொடுத்துடலாம்னு இருக்கேன். பெரியமேட்டுல ஒரு அம்மா பார்த்துச் சொன்னா எடுத்துக்குவாங்களாம்."

அதைக் கேட்டுத்தான் எபனேசர் பெரியமேட்டுக்கு வந்தார். தான் செய்தது ஜுலைகாவின் கண்ணுக்குத் தப்புமா என்று தெரிந்துகொள்வதற்காக.

"தப்பாதுன்னு தெரிஞ்சு போச்சு மேடம். அதனால கேக்கறேன். நாளைக்கு அசல்னு எழுதிக் கொடுத்துடுங்க. அவங்களுக்கு வேற எதுவும் இல்ல. குழந்தையும் இல்ல. ஒரு பொய்யால யாருக்கு என்ன நஷ்டம்?"

 ஜுலைகா தன் பூதக்கண்ணாடியை எடுத்து, துடைத்து, எபனேசரின் முன்னால் வைத்தார்.

"நாளைக்கு நீங்க பாருங்க சார். எழுதறதையும் நீங்களே எழுதுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

மறுநாள் பத்து மணிக்கு வசுமதி படியேறி வந்தார். மெலிந்த உடம்பு, வெள்ளைக் கட்டம் போட்ட சேலை. ஜாக்கெட்டை ஒரு வேட்டியில் சுற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். எபனேசரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார்.

"எபனேசர்! நீங்க எங்க இங்க?"

"இங்கதான் வேலை கத்துக்கறேன்மா."

"சொல்லவே இல்லையே நீங்க."

ஜுலைகா நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கம்மா. சார்தான் இன்னைக்குப் பார்ப்பார்."

வேட்டியைப் பிரித்தார்கள். முப்பத்தெட்டு வருடமாக எபனேசர் அந்த ஜாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. வருடா வருடம் போகும்போது அது அலமாரிக்குள்ளே இருக்கும். திறக்கச் சொல்லும் துணிச்சல் அவருக்கு வந்ததில்லை.

காலரைப் புரட்டினார். உள்பக்கம் தலையெண்ணெய்க் கறை இல்லை. தோள்களைப் பார்த்தார். வார் தேய்ந்த தடம் இல்லை. தையலை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். ஊதா விளக்கைப் போட்டார். நூல் நீலமாக எரிந்தது. எண்ணைப் பார்த்தார். அவர் குத்திய எண், கடைசி இலக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

எல்லாம் அவர் எதிர்பார்த்ததுதான்.

பிறகு ஜிப்பைத் திறந்து உள்பக்கத்தை விரித்தார். அங்கே கை நின்றுவிட்டது.

லைனிங்கின் மேல், முதுகு முழுக்கவும் இரண்டு கைகளுக்குள்ளும், சாம்பல் நிறக் கம்பளி வைத்துத் தைத்திருந்தது. கைத்தையல். மிகவும் நெருக்கமான தையல்.

"இது... இது யார் தச்சதும்மா?"

"நான்தான்." வசுமதி கொஞ்சம் வெட்கப்பட்டார். ஜுலைகாவின் பக்கம் திரும்பினார். "ஏன்மா, நான் தச்சு வச்சதால கெட்டுப்போச்சா? அவங்க எடுத்துக்க மாட்டாங்களா?"

"கம்பளி எதுக்கும்மா?" என்று ஜுலைகா கேட்டார்.

"அவர் சொல்வார்மா, மேல போனா அவ்வளவு குளிரும்னு. கண்ணாடி உள்பக்கமே உறைஞ்சிடுமாம். அன்னிக்குப் பாருங்க, இதை மறந்து வச்சுட்டுப் போயிட்டார். மேலயும் குளிர், கீழ தண்ணியிலயும் குளிர். இது வந்து சேர்ந்ததும் மார்கழி ஆரம்பிச்சுடுச்சு. கையில ஏதாவது வேலை இருந்தா தேவலைபோல இருந்துச்சு. உக்காந்து தச்சேன். பைத்தியக்காரத்தனம்தான். செத்துப்போனவருக்குக் கம்பளி எதுக்கு?"

அவர் கம்பளியின் ஓரத்தை விரலால் நீவினார்.

"அப்போ இருந்து நான் போத்திக்கிறதில்லம்மா. கொஞ்சம் சூடா இருந்தா போதும், உடனே அந்த நினைப்பு வந்துடும். அவர் வெறும் சட்டையோட போனாரேன்னு. எங்க அக்கா இருந்த வரைக்கும் திட்டுவா."

எபனேசர் ஜாக்கெட்டிலிருந்து கையை எடுத்தார்.

"என்கிட்ட நீங்க ஒரு வார்த்தை கேட்டதில்லையேம்மா. ஒரு வருஷம் கூட அந்த நாளைப் பத்திக் கேட்டதில்ல."

"எப்படிக் கேக்கறது? உங்க அறையில விட்டுட்டுப் போனார். ஓடிப்போய்க் கொடுத்திருக்கலாமேன்னு உங்களுக்கு உறுத்தும். நான் வேற கேட்டு அதைக் கிளறணுமா? வருஷா வருஷம் நீங்க வர்றதே அதனாலதான்னு நெனச்சேன்."

ஜுலைகா சான்றுத் தாளை எபனேசரின் பக்கம் நகர்த்தினார். பேனாவைத் திறந்து அதன் மேல் வைத்தார். அவ்வளவுதான் செய்தார்.

எபனேசர் பேனாவைத் தொடவில்லை.

"அம்மா, இது அவர் ஜாக்கெட் இல்ல."

வசுமதி நிமிர்ந்து பார்த்தார்.

"நான் தைக்கச் சொல்லிக் கொண்டுவந்தது. இங்க, இந்தப் பெரியமேட்டுலதான். உங்க கடிதம் வந்தப்புறம்."

வசுமதி ஜாக்கெட்டைப் பார்த்தார். எபனேசரைப் பார்த்தார். வெளியே யாரோ தோல் மூட்டையை வண்டியிலிருந்து கீழே போட்ட சத்தம் கேட்டது.

"அப்ப அவரோடது?"

"போட்டுக்கிட்டுதான் போனார்."

"என்ன சொல்றீங்க?"

"போட்டுக்கிட்டுதான் போனார்மா. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஜிப்பு பாதியில சிக்கிச்சு. மெழுகு தேய்ச்சு நான்தான் இழுத்து விட்டேன்."

"எது வரைக்கும்?"

"கழுத்து வரைக்கும். மூச்சு முட்டுது எபனேசர், கொஞ்சம் இறக்குன்னார். நான் இறக்கல. மேல போய் இறக்கிக்கங்கன்னு சொன்னேன்."

வசுமதி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.  பிறகு கையை எடுத்தார்.

"உள்ள?"

"ஸ்வெட்டர். நீங்க பின்னி அனுப்பினது. நீலம். ஒரு கை நீளம், ஒரு கை குட்டைன்னு எல்லார்கிட்டயும் காட்டுவார்."

"ஆமாம். இடது கை. எனக்கு அப்பத்தான் பின்னவே வந்துச்சு." அவர் தன் இடது கையைப் பார்த்தார். "கையுறை?"

"போட்டிருந்தார்மா."

"சாப்பிட்டாரா?"

"உப்புமா. வாயில வைக்க முடியலன்னார். ஆனா முழுசா சாப்பிட்டார்."

"எப்படி இருந்தார்? பயந்தாரா?"

"இல்லம்மா. கிளம்பறப்போ வானம் தெளிவாத்தான் இருந்துச்சு. பொங்கலுக்கு லீவு கிடைக்குமான்னு கேட்டுக்கிட்டே போனார். ஏணியில ஏறினதும் திரும்பி, மெழுகை எடுத்து வை, சாயங்காலம் வந்ததும் மறுபடி தேய்க்கணும்னார்."

வசுமதி அழுதார். சத்தமில்லாமல், உடம்பு குலுங்க அழுதார். ஜுலைகா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். எபனேசர் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் முகத்திலும் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

அழுகை அடங்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். தண்ணீரைக் குடித்துவிட்டு வசுமதி கேட்டார்.

"ஏன் எபனேசர் அப்படிச் சொன்னீங்க?"

"உங்க முன்னால வெறுங்கையோட வந்து நிக்க முடியலம்மா."

"முப்பத்தெட்டு வருஷம்."

"ஆமாம்மா."

"முப்பத்தெட்டு மார்கழி."



வசுமதி ஜுலைகாவிடம் கத்தரிக்கோல் கேட்டார். ஜாக்கெட்டை மடியில் போட்டுக்கொண்டு கம்பளியின் தையலை ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினார். நெருக்கமான தையல், நேரம் எடுத்தது. எபனேசர் உதவ ஓர் அடி முன்னால் வந்தார். வசுமதி தலையை அசைத்து வேண்டாம் என்றார். வெட்டி முடித்ததும் கம்பளித் துண்டுகளை உதறி மடித்து, கொண்டுவந்த வேட்டிக்குள் வைத்துச் சுற்றினார். ஜாக்கெட்டை மேசையில் எபனேசரின் பக்கமாக வைத்தார்.

"இது உங்களோடது. கம்பளி என்னோடது."

"அம்மா, ஐப்பசிக்கு..."

"இந்த ஐப்பசி வராதீங்க." எழுந்து நின்று சேலையைச் சரிசெய்துகொண்டார். "என்னால உங்களுக்கு இலை போட முடியுமான்னு தெரியல. முடிஞ்சா எழுதறேன்."

வாசல் வரை போனவர் திரும்பினார்.

"கழுத்து வரைக்கும்னு சொன்னீங்களே. அது உண்மைதானே?"

"என் பிள்ளைங்க மேல சத்தியம்மா."

வசுமதி தலையசைத்தார். கைப்பிடியைப் பிடித்து மெதுவாகப் படியிறங்கிப் போனார். காலடிச் சத்தம் சந்தில் இறங்கி வண்டிகளின் இரைச்சலில் கலந்துவிட்டது.

எபனேசர் நாற்காலியில் உட்கார்ந்து சான்றுத் தாளை எடுத்தார். 'அசல் அல்ல' என்று எழுதினார். பார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஜுலைகா அதை வாங்கிப் படித்து, கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

மதியம் வரை இருவரும் வேறு ஜாக்கெட்டுகளைப் பார்த்தார்கள். மண்டிப் பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு கேட்டதும் ஜுலைகா தொழுகைக்கு எழுந்தார். அப்போது எபனேசர் கேட்டார்.

"மேடம், அன்னிக்கு நான் வெறுங்கையோட அந்த வீட்டுக்குப் போயிருந்தா?"

ஜுலைகா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டே அவரைப் பார்த்தார்.

"உங்களை உக்கார வச்சு, சாப்பிட்டாரான்னு கேட்டிருப்பாங்க சார்."